பிர்தா எழுதிய பிரிட்டிஷ் பரீட்சை

ஒரு சனிக்கிழமைக் காலை, வாணலியில் பேக்கன் பன்றிக்கறி சுருண்டு பொரிந்துகொண்டிருந்த நேரத்தில், தான் பிரிட்டிஷ்காரி இல்லை என்பது பிர்தா பிளாஞ்சர்டுக்குத் தெரியவந்தது. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தாறு.

கதவுத் துளை வழியாக விழுந்த தபால்களில் அந்தக் கடிதமும் இருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பிரித்தாள். பாஸ்போர்ட் கேட்டு அனுப்பியிருந்த விண்ணப்பத்துக்குப் பதில். மிக மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். அவள் பிறந்தது டென்மார்க்கில். தாய் தந்தை இருவருமே டென்மார்க் குடிமக்கள். அவள் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றதாக எங்கும் பதிவு இல்லை. ஆகையால் பாஸ்போர்ட் தருவதற்கில்லை, வருந்துகிறோம்.

"ட்ரெவர், கொஞ்சம் இங்க வா."

அவள் கணவர் ட்ரெவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னா கண்ணு? கேஸ் பில்லா?"

"நான் வெளிநாட்டுக்காரியாம்."

ட்ரெவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஆளு மாத்தி அனுப்பிட்டாங்க. இது வேற யாரோ பிர்தாவுக்கு வந்தது."

"கிரிம்ஸ்பியில இன்னொரு பிர்தா பிளாஞ்சர்ட் இருக்காளா? சொல்லு, போய்ப் பாத்துட்டு வரேன்."

"இல்ல..."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய் ஓட்டுப் போட்டியே, வந்தவங்க எல்லாம் அதிகமாயிட்டாங்க, ஐரோப்பிய யூனியனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு. இப்ப நீயே சொல்லு, நான் எப்பக் கெளம்பணும்? டிபன் சாப்பிட்டுட்டா, இல்ல இப்பவேவா?"

"அது மீனுக்காகப் போட்ட ஓட்டு, நம்ம கடல்ல வெளியாளுங்க வந்து பிடிக்கக் கூடாதுன்னு," என்றார் ட்ரெவர். முகம் காதுவரை சிவந்துவிட்டது. "மீனுக்காகத்தான்னு உனக்கே தெரியும்."

அதற்குள் பேக்கன் கருகி, கூரையில் இருந்த புகைமணி வீடே அதிர அலற ஆரம்பித்தது. இருவரும் ஆளுக்கொரு துண்டை எடுத்து அதற்குக் கீழே நின்று விசிறினார்கள். முப்பத்துநாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் பெரிய சண்டைகள் எல்லாம் இப்படி ஏதாவது ஒன்று குறுக்கே வந்துதான் நின்றுபோயிருக்கின்றன.

பிர்தாவின் அப்பா ஐனர் ஒரு சின்ன மீன்பிடிப் படகின் சொந்தக்காரர். டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்திலிருந்து வடகடலைத் தாண்டி கிரிம்ஸ்பியில் மீன் விற்க வந்துபோய்க்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் திரும்பிப் போவதை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் கிரிம்ஸ்பித் துறையில் டென்மார்க்காரர்கள் நிறையப் பேர். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வயதில் வந்த பிர்தா அங்கேயே பள்ளிக்கூடம் போனாள், அங்கேயே மீன் இறக்கும் வேலையில் இருந்த ட்ரெவரைக் கட்டிக்கொண்டாள், மகள் லோர்னாவைப் பெற்றாள், முப்பது வருடமாக ஒரு தொடக்கப்பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வரி கட்டியிருக்கிறாள். உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுக்கூடப் போட்டிருக்கிறாள். விடுமுறை என்றால் மேபிள்தோர்ப் கடற்கரையில் ஒரு கேரவன். அதற்கு எந்தப் பாஸ்போர்ட் வேண்டும்? முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு லோர்னா ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் ஒரு வாரத்துக்கு ஓட்டல் அறை போட்டுத் தந்திராவிட்டால் இந்த விஷயம் கடைசிவரை வெளியே வந்திருக்காது.

"டென்மார்க் பாஸ்போர்ட்டே வாங்கிக்கோயேன்மா," என்றாள் லோர்னா போனில். "அதுவும் பாஸ்போர்ட்தானே. பிளேன்ல ஏத்துவாங்க."

"ஏத்துவாங்க. எறக்குவாங்க. அது இல்லடி விஷயம்."

"வேற என்ன விஷயம்?"

வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதில் பிர்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. கால்மேல் யாராவது ஏறி நின்றாலும் 'மன்னிக்கணும்' என்று இவள்தான் சொல்லுவாள். இதைவிடப் பெரிதாக ஒருத்தி என்னதான் செய்ய முடியும்?

"ஐம்பத்துமூணு வருஷமா இந்த ஊரு மழையில நனைஞ்சிருக்கேன்," என்றாள் கடைசியில். "எனக்கு அது எழுத்துல வேணும்."

எழுத்தில் வேண்டுமென்றால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க முதலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். பிரிட்டனின் வரலாறு, சட்டம், பண்பாடு, அன்றாட வாழ்க்கை பற்றி இருபத்துநாலு கேள்விகள். குறைந்தது பதினெட்டு சரியாக இருக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்கூடத்துக்குள் போவதற்கோ அடையாளமாக ஒரு பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

"ஆக, நீ பிரிட்டிஷ்காரி ஆகணும்னா முதல்ல டென்மார்க்காரி ஆகணும்," என்றார் ட்ரெவர்.

"ஆமா."

"இதை யோசிச்சவன் டீ குடிக்காம யோசிச்சிருக்கான்."

அம்மாவின் பழைய துதிப்பாட்டுப் புத்தகத்துக்குள் பிர்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை ரயிலேறி, இடையில் டான்காஸ்டரில் மாறி, லண்டனில் டென்மார்க் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தனியாகத்தான் போனாள். ட்ரெவர் வருவதாகச் சொன்னபோது, "நீ வந்தா என்னை விட்டுட்டுப் போக வந்திருக்கேன்னு நெனைப்பாங்க," என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம்தான் என்று ரயிலில் உட்கார்ந்த பிறகு தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், சான்றிதழைப் பார்த்ததும் முகம் மலர்ந்து டேனிஷ் மொழியில் மளமளவென்று பேசத் தொடங்கினாள். பிர்தாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. வீட்டுக்கு வெளியே அந்த மொழியைப் பேசக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நாள் போகப் போக வீட்டுக்குள்ளும் அது நின்றுபோனது.

"மன்னிக்கணும்," என்றாள். "எனக்கு வராது."

"ஒரு வார்த்தைகூடவா?"

பிர்தா யோசித்தாள். ஒன்றே ஒன்று இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அதைச் சொல்லாமல் மேசையை விட்டு எழுந்திருக்க அம்மா விட்டதே இல்லை.

"தாக் ஃபோ மத்," என்றாள் மெல்ல. சாப்பாட்டுக்கு நன்றி.

அந்தப் பெண் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வெல்பெகோமா," என்றாள். உடம்பில் ஒட்டட்டும் என்று அதற்கு அர்த்தம். அம்மா சொல்லும் அதே பதில், அதே இழுப்பு. பிர்தா கைவிரல் ரேகை வைக்கிற கருவிமேல் விரலை வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

பாஸ்போர்ட் ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்தது. நல்ல சிவப்பு நிறம். சமையலறையில் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்தாள். போகிற வருகிற நேரமெல்லாம் ட்ரெவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

பரீட்சைக்கு என்று ஒரு புத்தகம் உண்டு. பிர்தா அதை வாங்கினாள். ஆனால் முழுதாகப் படிக்கவில்லை. கடைசி அத்தியாயங்களை மட்டும் புரட்டினாள்: எந்தப் பண்டிகைக்கு என்ன சாப்பாடு, எந்த நாட்டுக்கு எந்தப் பூ, எந்தப் புனிதருக்கு எந்த நாள். இதெல்லாம் தெரிந்ததுதானே. பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் சாப்பாடு போடுகிறவளுக்கு, பான்கேக் தினத்தன்று முந்நூறு பான்கேக் திருப்பிப் போடுகிறவளுக்கு, பிரிட்டிஷ் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் என்ன சொல்லித்தரப் போகிறது?

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ட்ரெவர் அவளை லிங்கனுக்குக் காரில் கூட்டிப்போனார். பரீட்சைக்கூடத்தின் வெளியறையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் சட்டென்று எழுந்து நின்றாள்.

"மேடம், உள்ள வரலாமா?"

"என்னை ஏன்மா கேக்கறே?"

"நீங்கதானே பரீட்சை நடத்தறவங்க?"

"நானும் எழுத வந்தவதான்."

அந்த நர்ஸ், பேர் ரோசல், அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனா நீங்க பேசறது டி.வி.யில வர்றவங்க மாதிரி இருக்கே."

"எந்த டி.வி.யிலம்மா கிரிம்ஸ்பிக்காரங்க வர்றாங்க?" என்றாள் பிர்தா. காத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே போனபின் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் வந்த முதல் கேள்வி, எந்த ரோமப் பேரரசர் கி.பி. 43-இல் பிரிட்டன்மேல் படையெடுத்து வென்றார் என்பது. ஜூலியஸ் சீசர் என்று அழுத்தினாள். அவளுக்குத் தெரிந்த ரோமர் அவர் ஒருவர்தான். அடுத்தது, பெண்களும் ஆண்களும் ஒரே வயதில் ஓட்டுப் போடும் உரிமை எந்த ஆண்டு வந்தது. அதற்கடுத்து, ரோஜாப் போர்களில் மோதிக்கொண்ட இரண்டு குடும்பங்கள். அது தெரியும். அடுத்தது தெரியாது. அடுத்ததும் தெரியாது. பான்கேக்கைப் பற்றி ஒரு கேள்வியாவது வரும் வரும் என்று இருபத்துநாலு வரையும் காத்திருந்தாள். வரவில்லை.

வெளியே காரில் ட்ரெவர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி வைத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தனை வாங்கினே?"

"எத்தனைன்னு சொல்ல மாட்டாங்க. பாஸா பெயிலான்னு மட்டும்தான்."

"சரி, என்ன சொன்னாங்க?"

"அந்த நர்ஸ் பொண்ணு பாஸ். வந்து ஆறு வருஷம்தான் ஆகுதாம்."

ட்ரெவர் டீக் கோப்பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தாள். கண்ணாடியில் மழைத்துளி ஒவ்வொன்றாக விழுந்தது. ஒரு மணி நேர வழியில் இருவரும் மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்பார்கள்; அதில் இரண்டு, வழியில் குறுக்கே வந்த ஒரு டிராக்டரைப் பற்றி.

திங்கட்கிழமை பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் ஹேஸல் கேட்டாள்: "என்ன ஆச்சு? கொடி குத்திக்கிட்டு வருவேன்னு பாத்தேன்."

"பெயில்."

"நீயா? போ, பொய் சொல்லாதே."

"சீசர் இல்லையாம். வேற யாரோவாம்."

ஹேஸல் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வாயில் ரகசியம் தங்காது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. மதியம் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் விஷயம் தலைமையாசிரியை மிஸஸ் பிஞ்ச்பெக் காதுக்குப் போய்விட்டது. அவர் நெட்டையான, எதற்கும் அவசரப்படாத மனுஷி. மறுநாள் சமையலறைக்கு வந்து, "பிர்தா, அந்தப் புத்தகத்தை ஒரு மணி நேரம் குடுங்க," என்று கேட்டு வாங்கிப் போனார்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. புத்தகத்திலிருந்து இருபத்துநாலு கேள்விகளை எடுத்து அச்சடித்து, ஆசிரியர் அறையில் டீ நேரத்தில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். எழுதியவர்கள் பதினான்கு பேர். பட்டம் வாங்கியவர்கள், பாடம் நடத்துகிறவர்கள். பாஸ் ஆனவர்கள் இரண்டே பேர். மிஸஸ் பிஞ்ச்பெக் வாங்கியது பதினாறு.

அதை மறைக்காமல் அவரே வந்து சொன்னார். கஸ்டர்டு அண்டாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பிர்தா, நானும் பெயில்," என்றார். "என்னையும் டென்மார்க்குக்கு அனுப்பிடுவாங்கன்னு பயமா இருக்கு. அங்க சாப்பாடு எப்படி?"

"நல்லா இருக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க மேடம். அடுத்த வண்டியில சேந்தே போயிடலாம்."

சமையலறையே சிரித்தது. சனிக்கிழமையிலிருந்து நெஞ்சில் கல்லைப்போல் கிடந்தது அப்போதுதான் அசைந்து கொடுத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ட்ரெவரைக் காணோம். தோட்டத்துக் கோடியில் இருந்த மரக்கொட்டகையில் விளக்கு எரிந்தது. தக்காளிச் செடிக்கு உரம் கலக்குகிறாரோ என்று எட்டிப் பார்த்தாள். கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் வரிசையாக எண்கள் எழுதி அடித்திருந்தது: ஒன்பது, பதினொன்று, பத்து, பதிமூன்று.

"என்னா இது?"

ட்ரெவர் திருட்டுமுழி முழித்தார். "மாதிரிப் பரீட்சை. நானும் எழுதிப் பாத்தேன். நாலு நாளா."

"பதிமூணா?"

"அதுதான் இதுவரைக்கும் அதிகம்." அவர் புத்தகத்தை மூடி, விரலை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டார். "பிர்தா, எனக்கே தெரியலை இந்த ஊரப் பத்தி. என் அப்பா, தாத்தா, அவங்க தாத்தா எல்லாரும் இங்கதான் பொறந்து இங்கதான் செத்தாங்க. எனக்கு என்னடான்னா பதிமூணுக்கு மேல வரமாட்டேங்குது. நான் போய், யார் இருக்கணும் யார் போகணும்னு..."

முடிக்கவில்லை. விளக்குக் கம்பத்தில் மோதினால்கூட அதைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மனிதர்தான் ட்ரெவர். ஆனால் உண்மையிலேயே கேட்க வேண்டிய இடத்தில் அவருக்கு வார்த்தை வராது. பிர்தா இந்தத் தடவை உதவிக்குப் போகக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடு கண்ணு," என்றார் ட்ரெவர், உரமூட்டையைப் பார்த்துக்கொண்டு. "மீனுக்காகத்தான் போட்டேன். அது நெஜம். ஆனா போடறப்போ உங்கப்பாவை நெனைச்சுப் பாக்கலை. நெனைச்சிருக்கணும்."

பிர்தா இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவும் மீனுக்காகத்தான் வந்தாரு," என்றாள். பிறகு, "சரி, கேள்வி கேளு," என்றாள்.

ட்ரெவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வைக்கிங்குகள் எந்த நாடுகள்லேர்ந்து வந்தாங்க?"

"டென்மார்க்கு, நார்வே. போட்டுல வந்து, வீட்டக் கொளுத்தி, ஆட்டப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. தெரியும்."

"உங்காளுங்கதானே. தெரியாமப் போகுமா?" அடுத்த பக்கத்தைப் புரட்டியவர், "அட, இதப் பாரேன்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்தவங்க சில பேரு திரும்பிப் போகலையாம். கெழக்கயும் வடக்கயும் அப்படியே தங்கிட்டாங்களாம். கிரிம்ஸ்பிங்கற பேரே அவங்க பாஷையாம். புத்தகத்துலயே போட்டிருக்கான்!"

"எங்க, காட்டு."

காட்டினார். இருவர் தலையும் ஒரே பக்கத்தின்மேல் குனிந்தன. அங்கே ஊரின் பேர் அச்சில் இருந்தது.

"அப்ப இந்த ஊருக்குப் பேரு வச்சதே நாங்க," என்றாள் பிர்தா. "நீதான் ஓரமா தங்கியிருக்கே. ஒழுங்கா இரு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் படிப்புத்தான். சமையலறை அலமாரிக் கதவுகளில் ஒட்டிய குறிப்புச் சீட்டுகளாக எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளும் ஆளுக்கொரு கதவாகப் பிடித்துக்கொண்டார்கள். தலை வெட்டப்பட்டவர்கள் இருவரும் கத்தி வைக்கிற கதவுக்கும் இறைச்சி வைக்கிற கதவுக்கும் போனார்கள். குளியலறையில் சட்டங்கள். மாடிப்படியில், படிக்கொரு போர். மேலே ஏறும்போது ஹேஸ்டிங்ஸில் தொடங்கினால் படுக்கையறை வாசலில் வாட்டர்லூ வந்துவிடும். டென்மார்க்கிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட முதல் ராஜா கனூட் என்பதைப் படித்த அன்று, டீ போட்டுத் தரும்படி ட்ரெவரை மூன்று முறை ஏவினாள். ராஜ வம்சம் என்றாள். அவரும் போட்டுக் கொடுத்தார்.

பள்ளியிலும் விடவில்லை. ஹேஸல் காரட் நறுக்கிக்கொண்டே, "மாக்னா கார்ட்டா?" என்பாள். பிர்தா அடுப்புப் பக்கமிருந்து, "ஆயிரத்து இருநூத்துப் பதினஞ்சு," என்று கத்துவாள். சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் வரும் பிள்ளைகள், இதென்ன புது விளையாட்டு என்று தாங்களும் கத்தினார்கள். ஒரு வாரத்தில் நாலாம் வகுப்பு முழுவதுக்கும் மாக்னா கார்ட்டா தெரிந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் மறுபடி லிங்கன். இந்த முறை முதல் கேள்வி ஸ்காட்லாந்தின் புனிதரைப் பற்றி. இரண்டாவது, போன தடவை வந்த அதே ஓட்டுரிமைக் கேள்வி: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு. மூன்றாவது, நாலாவது, பத்தாவது என்று கைவிரல் தானாகப் போனது. பதினேழாவது கேள்வியில் மாடிப்படியில் ஐந்தாவது படி கண்முன் வந்து நின்றது. நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள்; பதினொன்றில் முடித்துவிட்டாள். முடித்ததும் எழுந்திருக்காமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

பரீட்சை முடிவுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ட்ரெவர் காருக்கு வெளியே, மழையில், குடை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ட்ரெவர், நடுத்தெருவில் சத்தம் போட்டே அறியாத ட்ரெவர், "ஹோ!" என்று கத்திவிட்டார். எதிரே போய்க்கொண்டிருந்த ஒரு பாதிரியார் திரும்பிப் பார்த்தார். "மன்னிக்கணும்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மீதி எல்லாம் காகிதமும் காத்திருப்பும்தான். குளிர்காலம் போய், டாஃபடில் பூத்து உதிர்ந்த பிறகு ஒரு நாள் கிரிம்ஸ்பி டவுன்ஹாலில் விழாவுக்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டு பேர் புதுக் குடிமக்கள் ஆகிறார்கள். பிர்தா நீலக் கோட்டும் கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் ட்ரெவர், லோர்னா, ஹேஸல், பள்ளிக்கு அரைநாள் லீவு போட்ட மிஸஸ் பிஞ்ச்பெக். மகாராணியின் படத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழியைச் சொன்னாள். குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள், நடுங்கவில்லை. தேசிய கீதம் பாடும்போது மட்டும் ஒரு வேடிக்கை. புதிதாக வந்த பன்னிரண்டு பேரும் இரண்டாவது சரணத்தையும் சரியாகப் பாடினார்கள். ட்ரெவரும் மிஸஸ் பிஞ்ச்பெக்கும் வாயை மட்டும் அசைத்தார்கள்.

பிறகு டீயும் விக்டோரியா கேக்கும். கழுத்தில் தங்கச் சங்கிலியோடு இருந்த மேயர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார்.

"வாழ்த்துக்கள்மா. எங்கேர்ந்து வந்திருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் தெருவின் பேரைச் சொல்லியிருப்பாள்.

"எஸ்பியர்," என்றாள். "டென்மார்க். எங்கப்பா படகுல கூட்டிட்டு வந்தாரு. மூணு வயசுல."

"அடடே. கிரிம்ஸ்பி பிடிச்சிருக்கா?"

"பழகிக்கிட்டு வரேன்," என்றாள் பிர்தா. ஹேஸல் கேக் துண்டோடு திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர்கள் இரண்டு பேரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ட்ரெவர் காரைக் கிளீதோர்ப்ஸ் கடற்கரைப் பக்கம் திருப்பினார். கடையில் இரண்டு ஹாடக் மீன், விரல் பருமனில் வறுத்த உருளைக்கிழங்கு சிப்ஸ், மேலே பொரிந்த மாவுத் தூள் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காரைக் கடலைப் பார்க்க நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மடியில் காகிதத்தை விரித்து, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இருபுறமும் வரிசையாக வேறு கார்கள். ஒவ்வொன்றிலும் இப்படியே ஒரு ஜோடி, இப்படியே ஒரு பொட்டலம். கடல் வற்றித் தூரத்தில் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வினிகர் பத்தலையா?" என்றார் ட்ரெவர்.

"சரியா இருக்கு."

"மயோர்க்காவுல இப்ப வெயில் கொளுத்துமாம். லோர்னா சொன்னா."

"கொளுத்தட்டும். ஜூன்ல போய்ப் பாத்துக்கலாம்." பிர்தா ஆவி படிந்த கண்ணாடியைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். செருப்பையும் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். "அந்தப் பெரிய சிப்ஸ் நீ சாப்பிடறியா, நான் எடுத்துக்கவா?"

ட்ரெவர் அதை எடுத்து அவள் பொட்டலத்தில் வைத்தார்.